அளக்கிற சத்தம்

ஜூன் 3, திங்கள்

அம்மா பண்ருட்டியை விட்டு வந்து இன்றோடு ஐம்பது நாள். கூட்டிக்கொண்டு போக யாரும் வரவில்லை. அதைக் கொண்டாட வேண்டும் போலிருந்தது. வரும் வழியில் கால் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். அம்மா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "இன்னா விசேஷம்?" என்றாள். சும்மாதான் என்றேன்.

சாலிகிராமத்தில் மாடியில் ஒற்றை அறை. நான் தனியாக இருந்தபோது போதுமானதாக இருந்தது. இப்போது அம்மாவின் பாயை விரித்தால் பீரோ கதவு திறக்காது. அது பரவாயில்லை. அம்மா பக்கத்துத் தெரு லேடீஸ் ஹாஸ்டலில் காலைச் சமையலுக்குப் போகிறாள். கீழ் வீட்டு ஸ்டெல்லா அக்கா பிடித்துக்கொடுத்த வேலை. பதினொரு மணிக்கு வந்துவிடுவாள். துவைப்பாள், தூங்குவாள். சரியாக ஏழரைக்கு ஸ்டெல்லா அக்கா மேலே வருவாள். இருவரும் உட்கார்ந்து 'தெற்கு வீட்டு மருமகள்' பார்ப்பார்கள்.

நான் எழுதுகிற சீரியல் அது. எழுதுகிற என்றால், பிரபாசங்கர் சார் எழுதுவதாகப் பெயர் வரும். நான் உதவி வசனம். டைட்டிலில் நான் கிடையாது. சார் கதையை ஒரு பத்தியில் சொல்வார், நான் ஆறு பக்கமாக்குவேன். செட்டிலும் நான்தான் பிராம்ப்டிங். நடிகர்கள் மனப்பாடம் செய்வதில்லை. நான் கேமராவுக்குப் பின்னால் நின்று வரிவரியாகச் சொல்ல, அவர்கள் கேட்டுத் திருப்பிச் சொல்லி அழுவார்கள். இரண்டு வருடமாக இதைச் செய்து, பஸ்ஸில் போகும்போதுகூட என் உதடு தானாக அசைகிறது.

இன்று எழுதுவது பன்னிரண்டு நாள் கழித்துத்தான் ஒளிபரப்பாகும். அவ்வளவு எபிசோட் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். ஆபீஸில் அதை பேங்க் என்பார்கள். ஆகவே பன்னிரண்டு நாளைக்குப் பிறகு இந்தத் தெருவில் எந்த நேரத்தில் யார் மூக்கைச் சிந்துவார்கள் என்று எனக்கு இன்றே தெரியும். சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது.

ஜூன் 6, வியாழன்

வியாழக்கிழமை என்றால் ரேட்டிங் வரும் நாள். சார் இன்று எல்லோருக்கும் பிரியாணி சொன்னார். நாங்கள் எங்கள் நேரத்தில் முதலிடம்.

காரணம் ஒரே ஒரு வரி. போன வாரம் கதாநாயகி மங்களம் புருஷன் வீட்டை விட்டு வெளியேறினாள். வாசலில் நின்று சொன்னாள்: "இருபது வருஷமா என் வீட்டு அரிசியை என் கையால அள்ளினதில்லை." பெண்கள் அந்தத் துண்டை வெட்டி செல்போனில் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மாகூட.

"எங்கேந்து புடிச்சே மணிமொழி?" என்று சார் கேட்டார்.

"கற்பனைதான் சார்."

அம்மா இங்கே வந்த மறுநாள் சொன்னது அது. அம்மாவுக்கு இருபத்தாறு வருடம், நான் இருபது ஆக்கினேன். அப்பாவுக்குப் பண்ருட்டியில் அரிசி மண்டி. ஊருக்கே அரிசி விற்பவர். வீட்டில் அரிசி டிரம்முக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாணில் கட்டியிருப்பார். தினம் விடியற்காலையில் அவரே திறந்து, ஆழாக்கால் அளந்து, மேலே உள்ளங்கையால் வழித்து, அம்மாவின் முறத்தில் கொட்டுவார். ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கு. சித்திரை முதல் நாள் சொல்லாமல் இரண்டு விருந்தாளிகள் வந்தார்கள். அப்பா மண்டியில் இருந்தார். அம்மா பக்கத்து வீட்டில் அரிசி வாங்கி உலை வைத்தாள். வந்து பார்த்தவர், அரிசிக்கடைக்காரன் பெண்டாட்டி அரிசிக்குக் கையேந்தினாளா என்று சோற்றுப் பானையை முற்றத்தில் எறிந்தார். சோறு சிதறிய இடத்தைக் கழுவிவிட்டு அம்மா பஸ் ஏறினாள்.

இங்கே என் பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து கையை உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். அப்போது சொன்னாள். நான் செல்போனில் குறித்துக்கொண்டேன்.

அந்த எபிசோட் ஓடியபோது நான் ஆபீஸில். ஸ்டெல்லா அக்கா சொன்னாள்: "மங்களம் அந்த டயலாக் சொன்னவுடனே அக்கா எழுந்து உள்ள போய்ட்டாங்க. வெங்காயம் உரிக்கணும்னாங்க. பாவம், அழுதிருப்பாங்க."

அம்மா தன்னைத் திரையில் கண்டுகொண்டாள். எழுத்து செய்ய வேண்டிய காரியம் இதுதானே? எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூன் 8, சனி

அம்மா எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்தாள். முதுகுப் பக்கம் உட்கார்ந்தால்தான் அவளுக்குப் பேச்சு வரும். முகம் பார்த்துப் பேசிப் பழக்கமில்லை.

"ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதே."

"சொல்லு."

"சில நாளு விடிகாலையில முழிப்பு வருதா, காது அந்தச் சத்தத்தைத் தேடுதுடி. அவரு அளந்துட்டு, கையால வழிப்பாரே. சரக்குனு. அது கேக்காம எழுந்திரிக்கவே தோண மாட்டேங்குது."

கோபம் வந்தது, அம்மா மேல் அல்ல. ஒரு மனுஷியை இருபத்தாறு வருடம் பூட்டி வைத்தால் பூட்டின் சத்தம்கூடப் பாட்டாகிவிடும் போல.

ஜூன் 10, திங்கள்

தம்பி தனசேகர் போன் செய்தான். ஜூலை 14 அவனுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீட்டில் கேட்கிறார்களாம். "அப்பா அம்மா ரெண்டு பேரும் ஜோடியா நின்னு தட்டு மாத்தணும்னு சொல்றாங்க. அம்மாவ அனுப்பி வை, அக்கா. அப்பிடியே அங்கயே இருந்துட்டா எல்லாருக்கும் நல்லது."

"எல்லாருக்கும்னா யாருக்குடா?"

"நீ சீரியல் டயலாக் பேசாத."

அம்மாவிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றாள். அந்தப் பார்க்கலாம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். நின்றால் போதும் என்று ஆரம்பிக்கும். விருந்து முடியட்டும், கல்யாணம் முடியட்டும், பேரன் பிறக்கட்டும் என்று போகும். இந்த நாட்டில் பெண்களைத் திரும்ப வீட்டுக்கு இழுக்க யாரும் கயிறு கொண்டுவருவதில்லை. தாம்பூலத் தட்டோடுதான் வருகிறார்கள்.

முப்பத்து நாலு நாள் இருக்கிறது. நான் சும்மா இருக்கப்போவதில்லை. ஏழரை மணி என் கையில் இருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

மங்களம் தையல் மிஷின் வாங்குகிறாள். மங்களம் தனியாக ஒரு டீ குடிக்கிறாள். மங்களம் மைத்துனனிடம் சொல்கிறாள்: "நான் திரும்பி வர்றதா இருந்தா போயிருக்கவே மாட்டேன்."

இன்று மூன்று சீன். இவை 23ஆம் தேதி வாக்கில் அம்மாவுக்குப் போய்ச் சேரும். நான் மங்களத்துக்கு எழுதவில்லை.

ஜூன் 14, வெள்ளி

அம்மா இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. சென்னை வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலும். எண்ணெய் வைக்கச் சொன்னேன், நீயே வச்சிக்க என்றாள். நான் செல்போனை எடுத்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுகிறாள். நல்ல பழக்கம்தான், போன் கையில் இருக்கும்போது யார் பேசினாலும் காதில் விழாது.

ஸ்டெல்லா அக்கா மட்டும் ஓயாமல் பேசுகிறாள். "அந்த மங்களம், அக்கா மாதிரியேதான் பேசுறா. இன்னா அக்கா, உன் சொந்தக்காரியா?" என்று அம்மாவின் தொடையில் தட்டினாள். அம்மா சிரித்தாள்.

ஸ்டெல்லா அக்காவின் பெரிய பெண், மங்களத்தைப் பார்த்துவிட்டு, மாமியார் வீட்டில் தன் சம்பள ஏ.டி.எம். கார்டைத் திரும்பக் கேட்டு வாங்கினாளாம். கொடுத்துவிட்டார்களாம். இதற்குத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன் என்று தோன்றியது.

ஜூன் 20, வியாழன்

ரேட்டிங் விழுந்தது. இரண்டாம் இடம்.

சேனலிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருத்தி என் வயது, அழகான பருத்திப் புடவை. அவள்தான் சொன்னாள்: "மங்களம் வெளியே போனது சூப்பர். ஆனா வெளியே இருந்தா வீடு எங்கே? வீடு இல்லன்னா சாம்பார் பொடி விளம்பரம் எங்கே வைக்கிறது? அவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வந்துடலாம். புருஷன் திருந்தட்டும்."

"எதைப் பார்த்துத் திருந்துவான்?" என்று கேட்டேன்.

சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதை நீதான் எழுதப் போறே."

அவர்கள் போனபிறகு சாரிடம் சண்டை போட்டேன். பார்க்கிறவர்கள் நிஜமென்று எடுத்துக்கொள்கிறார்கள் சார், வாழ்க்கைப் பாடம் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள் என்றேன்.

"பாடமா? மணிமொழி, நான் பதினெட்டு வருஷமா எழுதறேன். அவங்க ஏற்கெனவே செய்யணும்னு நெனச்சதுக்குத்தான் நம்மகிட்ட உத்தரவு வாங்கிக்கறாங்க. முடியாதுன்னா சொல்லு. விக்னேஷ் எழுதட்டும்."

விக்னேஷ் சாரின் இன்னொரு உதவியாளன். அவன் எழுதினால் மங்களம் காலில் விழுவாள். அதைவிட நானே எழுதுவது நல்லது என்று முடிவு செய்தேன். அப்படித்தான் முடிவு செய்தேன்.

சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டேன். நாற்பது நிமிடம்தான் ஆனது. புருஷன் அரிசிப் பெட்டியின் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் வைக்கிறான். அவள் பேசும் கடைசி வசனத்துக்கு, ஏன் திரும்புகிறாள் என்பதற்கு, ஒரு நிஜமான வரி தேவைப்பட்டது. கிடைத்தது.

படித்துவிட்டு சார் கண்ணாடியைக் கழற்றினார். நன்றாக வந்திருக்கிறது. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

ஜூலை 2 ஒளிபரப்பு. நிச்சயத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னால்.

ஜூன் 21, வெள்ளி

என்னை மாதிரிப் பெயரில்லாத ஒரு உதவியாளரை நம்பி மங்களம் வெளியே வந்தாள். நான் ஏமாற்றப்பட்டேன். இதைத் தவிர இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 25, செவ்வாய்

செட்டில் அந்த சீனை எடுத்தார்கள். மங்களமாக நடிப்பவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மூன்றாவது டேக்கில் கேமராமேன் கண்ணைத் துடைத்தார். "யாரு இந்த டயலாக் எழுதினது? சாரா?" என்றார்.

"சார்தான்."

ஜூன் 28, வெள்ளி

அம்மா நிச்சயத்துக்குப் புடவை வேண்டும் என்றாள். போக முடிவு செய்துவிட்டாள். நிற்கவா, இருக்கவா என்று கேட்கத் தைரியமில்லை. இந்த நேரத்தில் மங்களம் திரும்பிப் போவதைப் பார்த்தால் அவ்வளவுதான்.

ஜூலை 1, திங்கள்

காலையில் அம்மா ஹாஸ்டலுக்குப் போனதும் செட்டாப் பாக்ஸிலிருந்து கார்டை உருவிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் டிவியில் நீலத்திரை. "ரீசார்ஜ் முடிஞ்சிருச்சு போல. சம்பளம் வரட்டும்" என்றேன்.

அம்மா டிவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரி" என்றாள்.

கீழே ஸ்டெல்லா அக்கா வீட்டில் பார்க்கலாமே என்று அவள் நினைப்பதற்குள் நாளைக்குப் புடவை எடுக்கப் போகலாம் என்று சொல்லிவிட்டேன். ஏழு மணிக்கு. ஆபீஸில் பர்மிஷன் கேட்டாயிற்று. எல்லாம் அவளுக்காகத்தான்.

ஜூலை 2, செவ்வாய்

வடபழனியில் ஒரு புடவைக் கடை. கூட்டமில்லை. அம்மா மாம்பழ நிறத்தில் ஒன்றை எடுத்துத் தோளில் வைத்துக் கண்ணாடி பார்த்தாள். அப்படி அவள் கண்ணாடி பார்த்து நான் பார்த்ததில்லை. மணி ஏழே முக்கால். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

கவுண்டருக்குப் பின்னால் விற்கிற பெண் புடவைக் கட்டின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தாள். சத்தம் குறைவுதான். ஆனால் அந்தக் குரலைத் தெரியாதா?

"விடிகாலையில முழிப்பு வந்தா என் காது அந்தச் சத்தத்தைத்தாங்க தேடுது. நீங்க அளந்துட்டுக் கையால வழிப்பீங்களே..."

அம்மாவின் தோளில் புடவை இருந்தது. கண்ணாடியில் அவள் முகம் இருந்தது. பின்னால் நான் இருந்தேன்.

"கொஞ்சம் சத்தமா வைம்மா" என்றாள் அந்தப் பெண்ணிடம்.

"நீங்களும் பாப்பீங்களா ஆன்ட்டி? இன்னிக்கு சூப்பரா இருக்கு, செம அழுகை."

கடைசிவரை நின்று கேட்டாள். புடவையை மடித்து, மடிப்பு கலையாமல் திருப்பிக் கொடுத்தாள். வேண்டாம்மா என்றாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நான் ஏதேதோ பேசினேன். சேனல், சாம்பார் பொடி, அந்தப் பருத்திப் புடவைக்காரி, என் நிலைமை. வீடு வரும்வரை பேசினேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை 4, வியாழன்

அம்மா சமைக்கிறாள், துவைக்கிறாள். நான் கேட்டால் பதில் சொல்கிறாள். டிவி நீலமாகவே இருக்கிறது. அவள் கேட்கவில்லை.

தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் என்னை நிறுத்தி, "பார்த்தியா, கடைசியில பொம்பளை வீட்டுக்குத்தானே போகணும்? உங்கம்மாவுக்கும் புத்தி சொல்லு" என்றாள். போன மாதம் அரிசி வசனத்தை ஸ்டேட்டஸ் வைத்தவள். அவளைத் திட்டவில்லை. இரண்டையும் அவளுக்குக் கொடுத்தது நான்தான்.

ஜூலை 7, ஞாயிறு

அப்பா வந்தார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்திருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு பூவம்பழம். படியேறி மூச்சு வாங்கியது. அம்மா எழுந்தாள், தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமல் நின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அஞ்சலாட்சி."

அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதேயில்லை. 'இந்தா' என்பார். கோபமாக இருந்தால் 'ஏய்'.

"அஞ்சலாட்சி, நான் பூட்டினது அரிசியை இல்ல. என் பயத்தை."

மங்களத்தின் புருஷனுக்கு நான் எழுதிய வசனம். ஒரு வார்த்தை மாற்றவில்லை. பேப்பரில் அந்த இடத்தில் 'இடைவெளி' என்று எழுதியிருந்தேன். அந்த இடைவெளியைக்கூட விட்டார்.

"இனிமே சாவி உன் கையில இருக்கட்டும்."

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். அதற்குப் பிறகு மறந்துவிட்டது. டம்ளரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

செட்டில் நடிகர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

நான் என்ன செய்தேன் என்பதை உள்ளபடி எழுதுகிறேன். என் உதடு அசைந்தது. சத்தமில்லாமல், ஆனால் தெளிவாக: 'நீ அள்ளிப் போடு, நான் சாப்பிடறேன்.'

"நீ அள்ளிப் போடு, நான் சாப்பிடறேன்" என்றார் அப்பா.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கையை விரித்துச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எந்தப் பூட்டுதுங்க?"

"டிரம்முதுதான்."

"டிரம்முக்குத்தான் பொங்கலுக்கு முன்னாடியே பித்தளைப் பூட்டு மாத்தினீங்களே. இது அந்தத் துருப்புடிச்ச பூட்டோட சாவி. அந்தப் பூட்டைப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. புது சாவி எங்க?"

அப்பாவின் கை தானாக இடுப்புக்குப் போனது. வேட்டி மடிப்புக்கு மேலே அப்படியே நின்றது.

"சாவி சாவிதான? இன்னா இப்போ? நாலு பேரு பாக்க வந்து கேட்டுட்டேன் இல்ல?" குரல் பழைய குரலாகிவிட்டது. "கடைக்கு வர்ற பொம்பளைங்கல்லாம் செல்லுல போட்டுக் காட்டினாளுங்க. நாலு வாட்டி பார்த்தேன். அந்தப் பொம்பளை அழுதுகினே கிளம்பிட்டா. நீ என்னடான்னா பூட்டு வெசாரிக்கற."

அம்மா சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. "நிச்சயத்துக்கு வரேன். எம் புள்ளைக்காக நிக்கறேன். நீங்க கெளம்புங்க, வெயில் தாழ்ந்தா பஸ்ஸு கூட்டமாயிடும்."

அப்பா போனார். சாவியை மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

நான் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போனேன். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. அம்மா ஒரு அடி தள்ளி நின்றாள்.

"அவரு பேசினது நீ எழுதினது. நீ எழுதினது நான் பேசினது. வாயசைச்சியே, பார்த்தேன்."

"அம்மா, சேனல்காரங்கதான்..."

"அந்த அரிசிப் பேச்சு வந்த அன்னிக்கே தெரியும். சரி, பொண்ணு பொழப்பு, போவட்டும்னு இருந்தேன். அப்புறம் பேசறதைக் கொறைச்சேன். ஆனா அந்தச் சத்தத்தை... யாருகிட்டயும் சொல்லாதேன்னு சொன்னேன் இல்ல?"

"சத்தத்தைத் தேடுதுன்னு சொன்னேன். ஆளைத் தேடுதுன்னு சொன்னேனா? புடுங்கின பல்லு எடத்தை நாக்கு தேடிகினுதான் கெடக்கும். அதுக்காவ சொத்தைப் பல்லை எடுத்துத் திரும்ப வச்சிக்குவியாடி?" மூச்சு வாங்கினாள். "இதையும் எழுதிக்காத."

பிறகு என் கைப்பையைக் காட்டினாள்.

"சீப்பு எடுக்கப் போனேன் அன்னிக்கு. கார்டு இருந்துச்சு. அவரு அரிசியைப் பூட்டினாரு. நீ டிவியைப் பூட்டினே."

"உன் நல்லதுக்குத்தாம்மா."

"அவரும் அதான் சொன்னாரு. இருபத்தாறு வருஷமா."

ஜூலை 8, திங்கள்

ஆபீஸிலிருந்து வந்தேன். பாய் சுருட்டி மூலையில் நின்றது. அம்மாவின் பை இல்லை. சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, மூடி வைத்திருந்தது. பீரோ கதவு தாராளமாகத் திறந்தது.

ஸ்டெல்லா அக்கா சொன்னாள்: "பண்ருட்டிக்குப் போகல. அத மட்டும் உங்கிட்ட சொல்லச் சொன்னாங்க. எடம் பார்த்துட்டாங்களாம். ஹாஸ்டல் வேலையும் விட்டாச்சு. எங்கன்னு எனக்கும் சொல்லல." பிறகு கோபமாக, "இன்னாடி பண்ணே அவங்கள?" என்றாள்.

மங்களத்துக்கு நான் இரண்டு வீடுதான் வைத்திருந்தேன். புருஷன் வீடு, இல்லாவிட்டால் பெற்ற பிள்ளைகள் வீடு. சேனல் ஒன்றைக் கேட்டது, நான் மற்றதைக் கேட்டேன். மூன்றாவதாக ஒன்று எனக்கே தோன்றவில்லை.

ஜூலை 11, வியாழன்

ரேட்டிங். முதலிடம். பிரியாணி. சாப்பிட்டேன்.

வேலையை விட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். விடவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பண்ருட்டியில் நிச்சயம். அம்மா தனியாக வந்தாள். எந்த ஊரிலிருந்து வருகிறாள் என்று யாருக்கும் சொல்லவில்லை. பச்சைப் புடவை, புதியது. அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று தட்டு மாற்றினாள். போட்டோவுக்கு நின்றாள். பெண்ணின் மாமா ஒருவர், "என்னம்மா, சீரியல்ல வர்ற மாதிரி எல்லாம் சுபமா முடிஞ்சிருச்சு" என்றார். "ஆமாங்க, சாப்ட்டீங்களா?" என்றாள் அம்மா.

கிளம்புவதற்கு முன்னால் தம்பிக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் தாடையைத் தொட்டு, காதில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையாட்டினாள்.

நான் மூன்று அடி தள்ளி நின்றேன். இன்னும் ஒரு அடி வைத்திருந்தால் கேட்டிருக்கும். வைக்கவில்லை.

பஸ் நிலையத்தில் அம்மா என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தாள். முகவரி. யாரையோ எழுதச் சொல்லி வாங்கியிருக்கிறாள்.

"வந்தா போனை எடுத்தாராத" என்றாள். அவள் பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

ஜூலை 18, வியாழன்

ரேட்டிங் மறுபடி விழுந்தது. மங்களம் சமையலறையில் நிற்பதைப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. சேனல் பெண் போனில் வந்தாள். மங்களம் மறுபடியும் ஏதாவது செய்தே ஆக வேண்டுமாம். யாரும் எதிர்பார்க்காத ஒன்று.

போனை வைத்துவிட்டு சார் என் மேஜைக்கு வந்தார். காபி கொண்டுவந்திருந்தார், எனக்கும் சேர்த்து. இரண்டு வருடத்தில் முதல் தடவை.

"மணிமொழி, உங்கம்மா இப்போ என்ன பண்றாங்க?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கற்பனைன்னு சொன்னே. நாற்பது நிமிஷத்துல அப்படி ஒரு வரி கற்பனையில வராதும்மா. அரிசி வசனத்துலயே தெரியும் எனக்கு. தப்பில்ல, நானும் என் அக்காவை வச்சு ஆயிரம் எபிசோட் ஓட்டினவன்." கொஞ்சம் குனிந்தார். "அவங்க திரும்பிப் போனாங்களா, இல்லையா? என்ன சொன்னாங்க? ஒரே ஒரு வரி கொடு. மத்ததை நான் பார்த்துக்கறேன். டைட்டில்ல உன் பேர் போடறேன்."

எனக்குத் தெரியும். துருப்பிடித்த பூட்டின் சாவி தெரியும். இடுப்புக்குப் போன கை தெரியும். பிடுங்கிய பல் தெரியும். மூன்று வாரத்துக்கு முதலிடம். என் பெயர், வெள்ளை எழுத்தில், ஏழரை மணிக்கு, தமிழ்நாடு முழுக்க. எழுதிக் கொடுக்க நாற்பது நிமிடம்கூட வேண்டாம்.

"தெரியாது சார்" என்றேன்.

"பேசிக்கறது இல்லையா?"

"தெரியாது சார்."

காபியை வைத்துவிட்டுப் போனார். விக்னேஷைக் கூப்பிட்டார். மங்களத்துக்கு இரட்டைச் சகோதரி வருகிறாளாம்.

ஜூலை 21, ஞாயிறு

போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன்.